நான்காம் வரியில் நான் மாற்றிய சொல்

அக்காளின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். முதல் பக்கத்தில் அக்காளின் படத்துக்குக் கீழே பெயரும் இரண்டு தேதிகளும் மட்டுமே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஏன் இல்லை என்று என்னைப் பந்தலில் பிடித்துக் கேட்கப் போகிறவர்கள் இதை முழுக்க வாசித்துவிட்டுக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாள் சண்டை நடந்தது. துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் 'மெட்டிகுலஸ்', அதாவது வெகு நுணுக்கமானவர், என்று போடச் சொன்னான். அவன் தங்கை கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பினாள். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வார்த்தையின் பிறப்பு வளர்ப்பு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் படமாகிவிட்டார். மிச்சம் இருப்பவன் நான்.

நான் எழுத்தாளன் இல்லை. இரணியலில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவன். என் ஆங்கிலம் கடைப் பலகை அளவுக்குத்தான். ஆனால் ஒருவர் கவனமாக வேலை செய்கிறார் என்று சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளின் அப்பன் பாட்டன் வரைக்கும் எனக்குத் தெரியும். விரும்பிக் கற்றுக்கொண்டதில்லை. அக்காள் என் உயிரை வாங்கிக் கற்றுக்கொடுத்தது.

அக்காள் இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் பிறந்தார். அப்பா திங்கள்சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்தார். எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா காலமானார். அப்போது அக்காளுக்குப் பதினாறு. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் சட்டை தைத்ததும் அடி கொடுத்ததும் அக்காள்தான். பள்ளிக்கூடம் போகும் முன் என் பத்து விரல் நகத்தையும் பார்ப்பார். ஒன்பது சுத்தமாக இருந்து ஒன்று அழுக்காக இருந்தால் பத்தையும் மறுபடி கழுவ வேண்டும். பிற வீடுகளில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கிணற்றடியில் நகம் கழுவிக்கொண்டிருப்பேன். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கேயே நர்ஸாகி, வார்டு சிஸ்டராகி, பிறகு நர்ஸிங் பள்ளியில் பாடம் நடத்தி, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. பத்து மணிக்கு வருகிறோம் என்று சொன்ன ஒரு மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டே கால் மணிக்கு வந்தார்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை, பஸ்ஸில் இடமில்லை என்றார்கள். அக்காள் அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார். "இன்னைக்குக் கொடைன்னு நேத்தைக்கே தெரியுமே, அப்ப பன்னிரண்டு மணின்னு சொல்லியிருக்கலாம்லா?" காப்பியைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போனவர்கள் பிறகு ஆள் அனுப்பவில்லை. அப்பா இரண்டு நாள் அக்காளிடம் பேசவில்லை. அக்காளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல்தான் அப்படிக் கேட்டார் என்று என் மனைவி ஜெபா சொல்வாள். இருக்கலாம். கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இப்போது கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மலரை வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கடிதங்களால் சவூதிக்கும் குவைத்துக்கும் லண்டனுக்கும் போனவர்கள். அக்காளிடம் படித்த பெண்கள் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடும்போது, சொல்லிக்கொடுத்தவரிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும். பிற ஆஸ்பத்திரிகளில் அதற்கு ஓர் அச்சடித்த தாள் இருக்கும். நேர்மையானவர், உழைப்பாளி, கவனமானவர் என்று எல்லாருக்கும் ஒரே சட்டை. பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். அக்காள் அதைச் செய்யமாட்டார். பென்சிலில் எழுதி என் கடைக்குக் கொண்டுவருவார். எல்லா வரியும் முழுமையாக இருக்கும், நான்காம் வரியில் மட்டும் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்தப் பெண் எப்படிப்பட்ட கவனக்காரி என்று சொல்லும் இடம் அது. "நீ மத்ததை அடிச்சு வை. வார்த்தை நாளைக்குச் சொல்லுகேன்" என்பார். நாளைக்கு என்றால் நாளைக்கு இல்லை. விசா ஏஜென்ட் களியக்காவிளையிலிருந்து எனக்குப் போன் போட்டுக் கத்துவான். அந்தப் பெண்ணின் அப்பா கடை வாசலில் நிற்பார். நான் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அக்காள் வீட்டில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அட்டை கிழிந்த தடித்த அகராதி அது. ஆஸ்பத்திரி நூலகத்தில் கழித்துப் போட்டதை எடுத்து வந்தார். ஒவ்வொரு வார்த்தையும் எந்த மொழியிலிருந்து வந்தது, முதலில் அதற்கு என்ன பொருள் என்று அதில் போட்டிருக்கும். வேறு பெண்கள் கதைப் புத்தகம் வாசிப்பார்கள். அக்காள் இதை வாசிப்பார்.

எனக்குத் தெரிந்து முதலில் வந்தது 'ஸ்குருபுலஸ்'. ஒரு பெண்ணுக்கு அதைப் போடச் சொன்னார். அவ்வளவு நீளமான வார்த்தை எதற்கு என்று கேட்டேன். "லத்தீன்ல அது சின்னக் கூர்க்கல்லு. செருப்புக்குள்ள கல்லு கெடந்தா நடக்க முடியுமா? அவ வார்டை விட்டுப் போனாலும் ஆக்சிஜன் சிலிண்டரை அடச்சோமான்னு திரும்பி வந்து பாப்பா. பாத்தாதான் அவளால நடக்க முடியும்" என்றார். அந்தக் காலத்து மருந்துக்கடைகளில் மருந்து நிறுக்கும் ஒரு சின்ன எடைக்கும் அதே கல்லின் பெயர்தானாம். அதைச் சொல்லும்போது அக்காளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கடை வாசலில் ஏழு பேர் ஜெராக்ஸுக்கு நிற்கிறார்கள்.

இன்னொரு பெண்ணுக்கு 'ஃபாஸ்டிடியஸ்'. அந்தப் பெண் ரொம்ப மகிழ்ந்து போய் நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போன பிறகு அக்காள் சொன்னார்: "அந்த வார்த்தைக்கு வேரு அருவருப்பாக்கும். அழுக்கைக் கண்டா அவளுக்கு அருவருப்பு, அதனால அவ வார்டு பளபளன்னு இருக்கும். நோயாளி வாந்தி எடுத்தாலும் அதே அருவருப்புதான். ஆபரேஷன் தியேட்டர்ல நிறுத்தினா நல்லா இருப்பா." கடிதத்தில் தியேட்டர் வேலைக்கு உகந்தவர் என்றும் சேர்த்திருந்தார். அந்தப் பெண் இன்றைக்கும் வெளிநாட்டில் தியேட்டர் நர்ஸாகத்தான் இருக்கிறாள். நான் சிப்ஸைத் தின்றுகொண்டே தலையில் அடித்துக்கொண்டேன்.

'பங்டிலியஸ்' என்றால் சின்னப் புள்ளி. பதிவேட்டில் ஒரு கோடு கோணினாலும் பொறுக்காதவர்களுக்கு. 'பிரிசைஸ்' என்றால் நறுக்கியது. அதைக் கேட்டதும், உன் கடிதத்தையும் கொஞ்சம் நறுக்கேன் அக்கா என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'கேர்ஃபுல்' என்ற சாதாரண வார்த்தையை அவர் முப்பது வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுத்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அது துக்கம் நிறைந்தவர் என்று பொருள்படுமாம். "இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்குலே அது? தன்னால வரும்" என்பார். 'டிலிஜென்ட்' என்பது நேசத்திலிருந்து வந்தது. பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதை நேசிப்பது. வெளிநாடு போன நர்ஸ் யாருக்கும் அதை அவர் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. வார்டில் கட்டில் துடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவுக்குக் கொடுத்தார். முதியோர் இல்லத்தில் வேலை கேட்கப் போன அந்த அம்மாளுக்கு ஆங்கிலமும் தெரியாது, கடிதத்தில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

'மெட்டிகுலஸ்' என்பதுதான் எல்லாரும் கேட்டு வாங்க நினைக்கும் வார்த்தை. ஏஜென்ட்மாரும் அதைப் போடச் சொல்லி அனுப்புவார்கள். அதன் வேர் பயம். முதலில் கோழைக்குச் சொன்ன வார்த்தை, பிறகுதான் நுணுக்கமானவர் என்று நல்ல பெயர் எடுத்தது. பயந்து பயந்து சரியாகச் செய்பவர்கள் உண்டு, அவர்களுக்கு மட்டும் அக்காள் அதைக் கொடுப்பார். பிறர் கேட்டால், "பயப்படாத ஆளைப் பயந்தவன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுதியா?" என்பார். இப்போது யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை, உலகம் முழுக்க அது பாராட்டுதான் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் இருந்தது. வார்டு சிஸ்டராக இருந்தபோது வேறு ஊரிலிருந்து ஒரு நர்ஸ் மாற்றலாகி வந்தாள். 'அக்யூரேட்' என்று அவளுக்கு யாரோ சான்று எழுதியிருந்தார்கள். அக்கறையோடு செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள். அதை நம்பி, அவள் ஏற்றிய மருந்தின் அளவை அக்காள் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அளவு தப்பு. படுக்கையில் இருந்த பெரியவர் ஆறு நாள் கண்விழிக்காமல் கிடந்து பிழைத்தார். அந்த ஆறு நாளும் அக்காள் வீட்டுக்கு வரவில்லை. அந்தச் சான்றை எழுதியவர் எங்கேயோ நிம்மதியாக இருந்திருப்பார். "அவங்க கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் நம்பினேன்" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அதனால் ஒவ்வொரு பெண்ணையும் கடிதம் எழுதும் முன் வீட்டுக்குக் கூப்பிடுவார். டீ கொடுப்பார். பிறகு தன் கையை மேசைமேல் நீட்டி, "எனக்க நாடியைப் பாத்துச் சொல்லு" என்பார். சுவரில் நொடிமுள் உள்ள கடிகாரம் இருக்கும். நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும் என்பது பாடம். ஆனால் வார்டில் நேரமில்லாததால் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கிவிடுவார்கள். பெண் எத்தனை நேரம் எண்ணுகிறாள் என்று அக்காள் பார்த்துக்கொண்டே இருப்பார். எண்ணி முடித்ததும், "எவ்வளவு நேரம் எண்ணின மக்களே?" என்று கேட்பார். கால் நிமிடம் எண்ணியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஒரு நிமிடம் என்றுதான் சொல்வார்கள். அக்காள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த வாரம் முழுவதும் வார்த்தை வராது. என் கடையில் கூட்டம் கூடும்.

தாளை அச்செடுத்துக் கொடுத்தாலும் முடியாது. மர ஸ்கேலை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் வைத்து வாசிப்பார். இரண்டு முறை மேலிருந்து கீழே, மூன்றாம் முறை கீழிருந்து மேலே. நான் பொய்யாகச் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

நான்கு வருடத்துக்கு முன் என் மகள் பெனிட்டாவின் முறை வந்தது. அக்காளுக்கு அவள் தம்பி மகள், அவளுக்கு அக்காள் மாமி. அக்காள் ஓய்வு பெறும் முன் கடைசியாகப் பாடம் எடுத்த வகுப்பில் படித்தவள். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அயர்லாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிலையத்தில் இடம் இருந்தது. விண்ணப்பத்தில் நுணுக்கமான கவனம் உண்டா என்று தனியாகவே கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். சொந்த மாமிதானே, இந்த ஒரு முறையாவது நாடி பார்க்கும் நாடகம் இருக்காது என்று நான் நம்பினேன்.

சனிக்கிழமை காலை டீக்குப் பிறகு அக்காள் கையை நீட்டினார். நானும் ஜெபாவும் அடுக்களை வாசலில் நின்று பார்த்தோம். பெனிட்டா எண்ணினாள். "எழுபத்திரண்டு மாமி" என்றாள்.

"எவ்வளவு நேரம் எண்ணின மக்களே?"

"பதினஞ்சு செகண்டு. நாலால பெருக்கினேன்" என்றாள் என் மகள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வார்டுல அப்படித்தான் மாமி எல்லாரும் செய்யுகோம்."

எனக்கு அவள் தலையில் ஒன்று போடலாம் போல் இருந்தது. அக்காள் "செரி" என்றார். அன்றைக்கே பென்சில் கடிதம் என் கடைக்கு வந்துவிட்டது. நான்காம் வரியில் காலியிடம் இல்லை. 'ட்ரூத்ஃபுல்' என்று எழுதியிருந்தார். உண்மை பேசுபவர்.

"என்ன அக்கா இது?" என்றேன். "அவங்க கவனம் உண்டான்னு கேட்டிருக்காங்க. நீ உண்மை பேசுவான்னு எழுதினா, கவனம் இல்லன்னுதானே அர்த்தம்?"

"கவனம் இன்னும் வரல. வரும். இப்ப இருக்கதை எழுதியிருக்கேன்."

"உன் தம்பி மவ அக்கா அவ."

"அதனாலதான் ரெண்டு தடவ யோசிச்சேன்" என்றார். "லே மக்கா, இது சின்ன வார்த்தைன்னு நெனக்காத. இத நான் ஒருத்திக்கும் கொடுத்ததில்ல."

எனக்கு அது காதில் ஏறவில்லை. ஊரில் இருக்கும் அத்தனை பெண்களையும் ஏற்றி அனுப்பிவிட்டு, என் மகளுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கடையைத் திறந்தேன். எல்லா வரியையும் அக்காள் எழுதியபடி அடித்தேன். நான்காம் வரியில் 'ட்ரூத்ஃபுல்' என்பதை எடுத்துவிட்டு 'மெட்டிகுலஸ்' என்று போட்டேன்.

அக்காளுக்கு அப்போது கண்ணில் புரை. அடுத்த மாதம் அறுவைக்கு நாள் குறித்திருந்தது. தாளை வாங்கி, ஸ்கேலை வைத்து, முகத்தோடு ஒட்டி மூன்று முறையும் வாசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நான் எழுதினது மாதிரியே அடிச்சிருக்கியா?" "ஆமா" என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்த வார்த்தையின் வேர் பயம் என்று சொன்னேன் அல்லவா, அந்த வீட்டில் அன்றைக்குப் பயந்து நின்றவன் நான் ஒருவன்தான்.

பெனிட்டாவுக்கு வேலை கிடைத்தது. விமானம் ஏறினாள். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ஜெபாவிடம்கூட.

அக்காளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தூரத்துப் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்துக் காட்டினார். இனி ஸ்கேல் இன்னும் பலமாக வரும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அக்காள் அதை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வாசிக்கவில்லை.

"வாசிச்சுப் பாரு அக்கா" என்றேன்.

"நீ பாத்தாச்சுல்லா?"

"நான் பாத்தா போதுமா? எனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"அகராதி அலமாரியில இருக்கு" என்றார்.

அதன் பிறகு ஒரு தாளையும் அவர் வாசிக்கவில்லை. பென்சிலில் எழுதுவது அதே நிதானம்தான், வார்த்தைக்கு நாள் எடுத்துக்கொள்வதும் அப்படியேதான், ஆனால் அச்செடுத்துக் கொடுத்தால் வாங்கிக் கையெழுத்து. எனக்கு எரிச்சலாக வந்தது. வயதாகிவிட்டது, பழைய கட்டுப்பாடு விட்டுப் போய்விட்டது என்று ஜெபாவிடம் சொல்லிப் புலம்பினேன். இனி ஏதாவது தப்பு வந்தால் என் தலையில்தான் விடியும். வேறு வழியில்லாமல் நானே ஸ்கேலை எடுத்தேன். பென்சில் தாளைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக, இரண்டு முறை மேலிருந்து, ஒரு முறை கீழிருந்து. புரியாத வார்த்தை வந்தால் அந்தப் பாழாய்ப்போன அகராதி. மூன்று வருடம் இப்படி. சில நாள் மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு ஆகும். ஒருவர் செய்ய வேண்டிய வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு ஆங்கிலத்தில் என்ன வார்த்தை என்றும் தேடிப் பார்த்தேன்.

கடைசி ஆறு மாதம் அக்காளுக்கு இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கியது. மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுத்த படுக்கையிலும் சும்மா இருக்கவில்லை. அவரிடம் படித்த பெண் ஒருத்திதான் அந்த வார்டில் நர்ஸ். அவள் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். அக்காளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் எண்ணி, ஒன்று குறைகிறது என்று சொல்லி அவளை மறுபடி எண்ண வைத்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? வீட்டுக்குத் திரும்பிய பின் ஒரு மத்தியானம் கஞ்சி இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுப் போதும் என்றார். ஜெபா வாயைத் துடைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வருவதற்குள் அமைதியாகப் போய்விட்டார். ஆண்டவர் அவரை அதிகம் கஷ்டப்படுத்தவில்லை. அடக்கத்துக்குப் பெனிட்டாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. போனில் பார்த்து அழுதாள்.

இந்த நினைவு நாளுக்காகப் போன மாதம் அவள் வந்தாள். மலர் வேலைக்குக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாட்ஸ்அப் தொல்லை தாங்காமல் நான் படத்துக்குக் கீழே 'மெட்டிகுலஸ்' என்று அடித்து வைத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள்.

"அப்பா, இத எடுங்க."

"எல்லாரும் சொல்லுதாங்க மக்களே."

"எடுங்கப்பா. இந்த வார்த்தைய மாமி ஒரு தடவ எடுத்தாச்சு."

எப்போது எடுத்தார் என்று கேட்டேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். வேலை கொடுக்கும் முன் அயர்லாந்திலிருந்து அந்த நிலையத்தின் மேலாளர் அம்மாள் அக்காளுக்குப் போன் செய்திருக்கிறார். கடிதத்தை வாசித்துக் காட்டி, எழுதியது நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார். நான்காம் வரியில் அக்காள் நிறுத்தியிருக்கிறார். அந்த வார்த்தை என்னுடையது இல்லை, டைப் செய்பவன் என் தம்பி, அந்தப் பெண்ணின் அப்பா, அவன் மாற்றியிருக்கிறான், நான் எழுதியது உண்மை பேசுபவள் என்று சொல்லியிருக்கிறார். நாடி பார்த்த கதையையும் சொல்லியிருக்கிறார். இந்தப் பெண் கால் நிமிடம்தான் எண்ணுவாள், ஆனால் கேட்டால் கால் நிமிடம் என்றே சொல்வாள், ஒரு மாதம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு முழு நிமிடமும் எண்ணுவாள். இதுதான் அக்காள் கொடுத்த உண்மையான சான்று.

"அந்த மேடம்தான் அப்புறம் எனக்கிட்ட சொன்னாங்க" என்றாள் பெனிட்டா. "கவனமானவ, திறமையானவன்னு எழுதின லெட்டரு அவங்ககிட்ட கட்டுக் கட்டா இருக்காம். எழுதின புகழ்ச்சியத் திருப்பி எடுத்த ஆளை அவங்க பாத்ததே இல்லையாம். அதனாலதான் என்னை எடுத்தாங்களாம். முதல் ஒரு மாசம் என் பக்கத்துல ஒரு ஆளு நின்னா, மாமி கேட்டுக்கிட்ட மாதிரியே."

"நீ ஏன் எனக்கிட்ட சொல்லல?"

"மாமி சொல்லாண்டாம்னு சொல்லிச்சு. சொன்னா அப்பாக்குக் கை நடுங்கிரும், பின்ன எனக்கு டைப் அடிக்க ஆளு கெடையாதுன்னு."

எனக்கு வந்த கோபத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மூன்று வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். மீன் குழம்பில் உப்பு அரைக்கல் கூடினால் சொல்பவர், இதை மட்டும் சொல்லவில்லை. ஒரு முறை திட்டியிருந்தால் நானும் ஒரு முறை அழுது முடித்திருப்பேன். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. மகள் பேசி முடித்துக் கடைக்கு வெளியே போன பிறகுதான், அந்தப் போன் வந்தது எந்த மாதம் என்று எண்ணிப் பார்த்தேன். கண் அறுவை முடிந்த அதே மாதம். கண் தெளிந்த பிறகு, என் தாள்களை அவர் வாசிப்பதை நிறுத்திய அதே மாதம். வயதாகிவிட்டது என்று நான் புலம்பியது அதைப் பார்த்துத்தான்.

யாரையும் சோதித்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை கொடுக்காதவர், பொய் சொன்ன என்னைச் சோதிக்கவே இல்லை. தாளை வாங்கினார், தன் பெயரைப் போட்டார், திருப்பிக் கொடுத்தார்.

திரையில் இருந்த அந்த வார்த்தையை நான் அழித்தேன். துபாய்த் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை நான் ஒரு முறை தப்பாகப் பயன்படுத்தியாகிவிட்டது. அக்காளுக்குப் பொருத்தமான வார்த்தை எது என்று என்னிடம் கேட்டால், எனக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், இரண்டாவது முறையும் பொறுமையாக நாடி எண்ணிய அந்த நர்ஸ் மகளுக்கும், இரவு பகல் பாராமல் அக்காளைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டாருக்கும், அடக்க ஆராதனையில் பாடிய சபைப் பாடகர் குழுவுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காளை ஒரு பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட என் மனைவி ஜெபாவுக்கு நன்றி. பெனிட்டாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமி கொடுத்த வார்த்தையை அப்பா எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அதை யாராலும் எடுக்க முடியவில்லை என்றாள்.

அக்கா, நீ வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் நன்றி. எல்லாவற்றையும் நான் வாசித்தேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.